கார் விபத்து கிளைம்: தொகையைக் குறைத்தாலும் மறுத்தாலும் கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதம்

விபத்துக்குப் பிறகு கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து படம் எடுத்துப் போயிருப்பார். கொஞ்ச நாள் கழித்து ஒரு மெசேஜ் வரும்: பில் 82,500 ரூபாய், கம்பெனி ஏற்றுக்கொண்டது 48,850 ரூபாய். இல்லையென்றால், 'பாலிசி நிபந்தனை மீறப்பட்டதால் கிளைம் நிராகரிக்கப்படுகிறது' என்று ஒற்றை வரி. உடனே எல்லோரும் செய்வது கால் சென்டருக்குப் போன் போடுவது. அங்கே பேசுபவருக்கு உங்கள் கோப்பைத் திருத்தும் அதிகாரம் கிடையாது. நீங்கள் பேசியதற்கு உங்கள் கையில் ஆதாரமும் மிஞ்சாது. எழுத்தில்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கடிதத்தை எழுதும்போது மனதில் வைக்க வேண்டிய ஆள் கம்பெனி அதிகாரி அல்ல. நாளை விவகாரம் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமோ (இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்) மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடமோ போனால், உங்களையும் உங்கள் காரையும் பார்த்தே இராத ஒருவர் இதே கடிதத்தை எடுத்துப் படிப்பார். எந்த பாலிசி, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, எந்த விதிப்படி என்பது அவருக்கு ஐந்து நிமிடத்தில் விளங்க வேண்டும். அவருக்கு விளங்கும்படி எழுதிய கடிதத்தைக் கம்பெனிக்குள் இருப்பவரும் எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்.

எந்த கிளைமுக்கு இந்தக் கடிதம்

இது உங்கள் சொந்த பாலிசியில் உங்கள் காரின் சேதத்துக்குக் கேட்கும் 'ஓன் டேமேஜ்' கிளைமுக்கானது. இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, பேரம் பேசிப் பணம் வாங்குவது அமெரிக்காவில் நடக்கும் வழக்கம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களில் பல அங்கிருந்து வந்தவை. அவற்றைத் தமிழ்நாட்டில் அப்படியே பயன்படுத்தினால் வேலைக்கு ஆகாது.

இங்கே காயத்துக்கோ உயிரிழப்புக்கோ எதிர் வண்டியிடம் இழப்பீடு கேட்க வேண்டிய இடம், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி அமைந்த மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றம் அதுவாகச் செயல்படுகிறது. விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, கம்பெனி இதற்கென ஓர் அதிகாரியை நியமித்து 30 நாளுக்குள் சமரசத் தொகையை முன்வைக்க 149-ஆம் பிரிவு வழி செய்கிறது. நீங்கள் ஏற்றால் அதைத் தீர்ப்பாயம் பதிவு செய்யும். அதிலிருந்து 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். எலும்பு முறிவு போன்ற காயங்களில், மருத்துவக் குழுவின் ஊனச் சான்றிதழ் கைக்கு வரும் முன் எந்தத் தொகையையும் ஏற்காதீர்கள். நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்பதை வைத்துத்தான் வருமான இழப்பின் பெரும்பகுதி கணக்கிடப்படுகிறது. மனுவை விபத்து நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 166(3)-ஆம் பிரிவு. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் வந்திருக்கின்றன என்றாலும் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். காயம் பெரிது என்றால் இந்தப் பாதைக்கு வழக்கறிஞர் தேவை. கீழே சொல்வதை நீங்களே செய்துகொள்ளலாம்.

முதலில் காகிதங்கள்

பாலிசியின் முதல் பக்கம் மட்டும் போதாது. 'பாலிசி வேர்டிங்' என்ற நீளமான நிபந்தனைப் புத்தகத்தைக் கம்பெனியின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். கம்பெனி எந்த நிபந்தனையைக் காட்டி வெட்டியதோ, அது அதில்தான் இருக்கும். பல நேரம், அவர்கள் சொன்ன மாதிரி இருக்காது.

அடுத்தது சர்வே அறிக்கை. இதைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கம்பெனி தானாக அனுப்பாது, மின்னஞ்சலில் கேட்க வேண்டும். 'தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விவரத்தையும் சர்வே அறிக்கையின் நகலையும் அனுப்பவும்' என்ற இரண்டு வரி போதும். இது கையில் இல்லாமல் கோரிக்கைக் கடிதம் எழுதினால், 'குறைவாகக் கொடுத்துவிட்டீர்கள்' என்ற புலம்பலைத் தாண்டி எதுவும் எழுத முடியாது.

இவற்றோடு ஆர்.சி., விபத்து நாளில் ஓட்டியவரின் ஓட்டுநர் உரிமம், ஒர்க்‌ஷாப்பின் எஸ்டிமேட், இறுதி பில், பணம் கட்டிய ரசீது, விபத்து இடத்தில் எடுத்த படங்கள் ஆகியவை வேண்டும். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமித்தவையாக வைத்திருக்காதீர்கள். அதில் எடுத்த நேர விவரம் போய்விடும். போனில் இருக்கும் மூலப் படத்தையே பத்திரப்படுத்துங்கள். யாருக்கும் காயம் இல்லாத சிறு விபத்துக்கு எப்.ஐ.ஆர். பொதுவாகத் தேவைப்படாது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான சான்று) வாங்கி வைத்திருந்தால் தேதியும் இடமும் பின்னால் கேள்விக்குள்ளாகாது. யாருக்காவது காயம் பட்டிருந்தால் எப்.ஐ.ஆர். கட்டாயம்.

பலரும் மறந்துவிடும் காகிதம் ஒன்று உண்டு: கடைசியாக சர்வீஸுக்கு விட்டபோது கொடுத்த ஜாப் கார்டு. வண்டியை உள்ளே எடுக்கும் முன் ஊழியர் சுற்றி வந்து, கீறலும் ஒடுக்கும் எங்கெங்கே என்று ஒரு கார் படத்தில் குறித்துக்கொள்வார். 'இது பழைய சேதம்' என்று சர்வேயர் எழுதும்போது, மூன்று மாதத்துக்கு முந்தைய ஜாப் கார்டில் அந்த இடத்தில் எந்தக் குறியும் இல்லை என்பதைவிட நல்ல பதில் கிடையாது.

கணக்கை நீங்களே போடுங்கள்

இந்த வேலையின் நடுநாயகம் இதுதான். கம்பெனி வெட்டியது எல்லாம் தவறு என்று எடுத்துக்கொண்டு முழு பில்லையும் கேட்பவர்கள்தான் அதிகம். அப்படிக் கேட்டால் சரியான பகுதியும் சேர்ந்து தள்ளுபடியாகும். எது நியாயமான வெட்டு, எது இல்லை என்று பிரித்து, இல்லாததை மட்டும் கேட்க வேண்டும்.

பெரும்பாலான தனியார் கார் பாலிசிகளில் பகுதிச் சேதத்துக்கான தேய்மான விதி ஒன்றுதான். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதம் வெட்டு. ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்கு வெட்டே இல்லை. இரும்பு முதலான மற்ற பாகங்களுக்கு வண்டியின் வயதுப்படி: 6 மாதம் வரை வெட்டு இல்லை, 1 ஆண்டு வரை 5 சதவீதம், 2 ஆண்டு வரை 10, 3 ஆண்டு வரை 15, 4 ஆண்டு வரை 25, 5 ஆண்டு வரை 35, 10 ஆண்டு வரை 40, அதற்கு மேல் 50. கூலிக்குத் தேய்மானம் கிடையாது. பெயிண்டில் பொருளின் விலைக்கு மட்டும் 50 சதவீதம் வெட்டலாம். பெயிண்ட் வேலைக்கு மொத்தமாக ஒரே தொகை போட்ட பில் என்றால், அதில் 25 சதவீதத்தைப் பொருள் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதியை வெட்ட வேண்டும்.

கடைசியாகக் கட்டாயக் கழிவு: 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஒர்க்‌ஷாப்பில் இதை 'பைல் சார்ஜ்' என்பார்கள். பிரீமியம் குறையும் என்று பாலிசி எடுக்கும்போது 'வாலண்டரி டிடக்டிபிள்' (நீங்களாக ஏற்கும் கூடுதல் கழிவு) தேர்ந்தெடுத்திருந்தால் அந்தத் தொகையும் போகும். ஆன்லைனில் பாலிசி எடுத்தவர்கள் இதை டிக் செய்ததையே மறந்திருப்பார்கள், முதல் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20.06.2022-இல் பதிவான 1,197 சிசி கார். விபத்து 12.10.2025. வயது 3 ஆண்டு 3 மாதம், ஆகவே இரும்புப் பாகங்களுக்கு வெட்டு 25 சதவீதம். தேய்மானம் கழிக்காமல் தரும் 'ஜீரோ டெப்' கவர் எடுக்காத பாலிசி. தொகைகள் எல்லாம் ஜி.எஸ்.டி. சேர்ந்தவை.

பானெட், ஃபெண்டர் முதலிய இரும்புப் பாகங்கள் 19,000: கிடைக்க வேண்டியது 14,250
இடது முன் கதவு 9,000: கிடைக்க வேண்டியது 6,750
பம்பர், கிரில், பிளாஸ்டிக் பாகங்கள் 18,000: கிடைக்க வேண்டியது 9,000
முன் கண்ணாடி 8,500: கிடைக்க வேண்டியது 8,500
கூலி 12,000: கிடைக்க வேண்டியது 12,000
பெயிண்ட், ஒரே தொகையாக 16,000: பொருள் 4,000, அதில் பாதி 2,000 வெட்டு, கிடைக்க வேண்டியது 14,000

கூட்டினால் 64,500. கட்டாயக் கழிவு 1,000 போக 63,500. பில் 82,500 என்றாலும் பாலிசிப்படி கேட்கக்கூடியது 63,500தான். கம்பெனி கொடுத்தது 48,850. வித்தியாசம் 14,650. சர்வே அறிக்கையை வரி வரியாகப் பார்த்தால் அது மூன்று இடத்திலிருந்து வந்திருக்கிறது: இரும்புப் பாகங்களுக்கு 25-க்குப் பதில் அடுத்த படியான 35 சதவீதம் வெட்டியதில் 1,900, இடது கதவைப் 'பழைய சேதம்' என்று முழுதாக நீக்கியதில் 6,750, பெயிண்டில் கூலியையும் சேர்த்து மொத்தத் தொகையில் பாதியை வெட்டியதில் 6,000. இந்த மூன்று வரிதான் உங்கள் கடிதத்தின் உயிர்.

ஜீரோ டெப் எடுத்திருந்தால் தேய்மான வெட்டு வரக்கூடாது. ஆனால் பல கம்பெனிகளில் ஆண்டுக்கு இத்தனை கிளைம்தான் என்ற வரம்பு உண்டு. டயர், பேட்டரி அதில் சேராமலும் இருக்கலாம். நட்டு, போல்ட், கூலன்ட், ஆயில் போன்றவற்றுக்குத் தனி 'கன்ஸ்யூமபிள்ஸ்' கவர் வேண்டும். அது இல்லாமல் அவற்றைக் கேட்டுக் கடிதத்தின் பலத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

பழுது பார்க்கும் செலவு, ஐ.டி.வி.யில் (பாலிசியில் காருக்குக் குறித்த மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் கார் முழுச் சேதக் கணக்கில் போகும். அங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பாலிசியில் அச்சிட்ட ஐ.டி.வி. அந்தப் பாலிசிக் காலம் முழுவதற்கும் பொருந்தும். பாலிசி எடுத்து எட்டு மாதம் ஆகிவிட்டது, மார்க்கெட் விலை குறைந்துவிட்டது என்று அதிலிருந்து மேலும் தேய்மானம் கழிக்க முடியாது.

முழுதாக மறுத்திருந்தால்

இப்போது கணக்கைவிடக் காரணம் முக்கியம். மறுப்புக் கடிதத்தில் கம்பெனி சொன்ன காரணத்துக்கு மட்டும் பதில் எழுதுங்கள். சொல்லாததை நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டாம். மறுப்புக் கடிதத்தில் இல்லாத புதுக் காரணத்தைக் கம்பெனி பின்னால் வழக்கில் கொண்டுவர முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தாமதமாகத் தெரிவித்தீர்கள் என்பது அடிக்கடி வரும் காரணம். உண்மையான கிளைமைத் தாமதம் ஒன்றுக்காக இயந்திரம் போல நிராகரிக்கக்கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வாகனத் திருட்டு வழக்குகளில் 2017-இலும் 2020-இலும் உச்ச நீதிமன்றம் இதே வழியில் தீர்ப்பளித்தது. ஆனால் சுற்றறிக்கையைக் காட்டினால் மட்டும் போதாது, தாமதத்துக்குக் காரணம் வேண்டும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, ஊரில் இல்லாததற்கான டிக்கெட், முதலில் ஏஜென்ட்டிடம் சொன்ன மெசேஜ் என ஏதாவது ஒன்றை இணையுங்கள்.

ஓட்டுநர் உரிமம் இன்னொன்று. சாதாரண இலகுரக வாகன உரிமத்தோடு மஞ்சள் போர்டு வண்டியை ஓட்டியதால் கிளைம் இல்லை என்று மறுத்திருந்தால், 06.11.2024-இல் ரம்பா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை அந்த உரிமத்தோடு ஓட்டலாம், தனி ஒப்புதல் தேவையில்லை என்கிறது அது. சொந்தக் காரை வாடகைக்கு விட்டதாகச் சொல்லி முழுதாக மறுத்திருந்தால், அமலேந்து சாகூ வழக்கு (2010) உதவும். அப்படிப்பட்ட மீறலில் முழுதாக மறுக்காமல் 'நான்-ஸ்டாண்டர்டு' முறையில், 75 சதவீதம் வரை, கொடுக்கலாம் என்பது அதன் வழி.

சில மறுப்புகளுக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை. குடித்துவிட்டு ஓட்டியது மருத்துவப் பரிசோதனையில் பதிவாகியிருந்தால் விட்டுவிடுங்கள். பழைய கம்பெனியில் கிளைம் வாங்கிவிட்டு, புதிய கம்பெனியில் 'கிளைம் இல்லை' என்று அறிவித்து என்.சி.பி. (கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கான) தள்ளுபடி பெற்றிருந்தாலும் வாதம் நிற்காது. பழைய கார் வாங்கி ஆர்.சி.யை மாற்றி, பாலிசியை மாற்றாமல் விட்டவர்களும் இந்த வரிசையில்தான் வருவார்கள். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு வண்டியோடு தானாக மாறும், ஓன் டேமேஜ் மாறாது. ஆயில் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) கல்லில் அடிபட்டு ஒழுகுகிறது, 'கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டிப் போய் இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது என்றால், சம்ப்புக்குப் பணம் வரும், இன்ஜினுக்கு வராது. விபத்துக்குப் பிறகு பழுது பார்க்காமல் ஓட்டியதால் பெருகிய சேதம் உங்கள் பொறுப்பு என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது.

கடிதம்

இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பத்திகளுக்கு எண் போடுங்கள், பதில் எழுதுபவர் எந்தப் பத்தியைத் தாண்டிப் போனார் என்பது அப்போது வெளிப்படையாகத் தெரியும். எத்தனை ஆண்டு வாடிக்கையாளர், எவ்வளவு மன உளைச்சல், சோஷியல் மீடியாவில் போடுவேன் என்பவை எல்லாம் வேண்டாம். மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்று ஒரு வரி சேர்த்தால், மேலே போட்ட ஒழுங்கான கணக்கும் சந்தேகத்தோடு பார்க்கப்படும். முடிவெடுக்கும் கிளைம் பிரிவு பல கம்பெனிகளுக்கு மும்பையிலோ புனேயிலோ இருப்பதால், தமிழில் எழுதினாலும் ஆங்கிலப் பிரதி ஒன்றைக் கூடவே அனுப்புவது நாட்களை மிச்சப்படுத்தும்.

மேலே போட்ட கணக்குக்கு ஒரு மாதிரி:

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், (கம்பெனியின் பெயர், முகவரி)
நாள்: 10.11.2025
பொருள்: பாலிசி எண் ____, கிளைம் எண் ____, வண்டி எண் ____. 12.10.2025 விபத்து. குறைத்து வழங்கிய 14,650 ரூபாயைக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

1. மேற்கண்ட பாலிசி 20.06.2025 முதல் 19.06.2026 வரை நடப்பில் உள்ளது. 12.10.2025 மாலை சுமார் 6.40 மணிக்கு, தாம்பரம் அருகே ஜி.எஸ்.டி. சாலையில், குறுக்கே வந்த இருசக்கர வாகனத்துக்கு வழிவிட ஒதுங்கியபோது, எனது காரின் முன் இடப்பக்கமும் இடது முன் கதவும் சாலையோர இரும்புத் தடுப்பில் மோதிச் சேதமடைந்தன. அன்று இரவே கம்பெனிக்குத் தெரிவித்தேன் (இணைப்பு 1). யாருக்கும் காயமில்லை.

2. 14.10.2025 அன்று சர்வே நடந்தது. 30.10.2025 அன்று பழுது முடிந்து பில் தொகை 82,500 ரூபாயில் கம்பெனி 48,850 ரூபாய் ஏற்றது. மீதியை எதிர்ப்புடன் செலுத்தி வண்டியை எடுத்தேன் (இணைப்பு 2, 3).

3. சர்வே அறிக்கையின்படி (இணைப்பு 4) கீழ்க்கண்ட மூன்று கழிவுகள் பாலிசிக்கு முரணானவை.
அ) விபத்து நாளில் வண்டியின் வயது 3 ஆண்டு 3 மாதம். பாலிசியின் தேய்மான அட்டவணைப்படி 25 சதவீதம் கழிக்க வேண்டும். 35 சதவீதம் கழிக்கப்பட்டுள்ளது. வேறுபாடு 1,900 ரூபாய்.
ஆ) இடது முன் கதவு பழைய சேதம் என நீக்கப்பட்டுள்ளது. 18.07.2025 தேதியிட்ட சர்வீஸ் ஜாப் கார்டில் அக்கதவில் சேதம் எதுவும் குறிக்கப்படவில்லை (இணைப்பு 5). விபத்து இடத்தில் எடுத்த படங்களில் கதவின் ஒடுக்கில் தடுப்பின் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருப்பது தெரிகிறது (இணைப்பு 6). வேறுபாடு 6,750 ரூபாய்.
இ) பெயிண்ட் பில்லின் மொத்தத் தொகையில் 50 சதவீதம் கழிக்கப்பட்டுள்ளது. பாலிசிப்படி, மொத்தத் தொகையில் 25 சதவீதமான பொருள் விலைக்கு மட்டுமே அக்கழிவு பொருந்தும். வேறுபாடு 6,000 ரூபாய்.

4. எனவே 14,650 ரூபாயையும், தாமதத்துக்கு வங்கி விகிதத்தோடு 2 சதவீதம் கூட்டிய வட்டியையும், இக்கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் எனது வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன். ஏற்க இயலாத கழிவு எதுவென்றாலும், அதற்கான பாலிசி நிபந்தனையின் எண்ணோடு தனித்தனியே எழுத்தில் தெரிவிக்கவும்.

5. பதில் கிடைக்காவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகுவேன்.

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர், செல்பேசி எண்)

நான்காம் பத்தியின் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். 'தங்கள் கிளைம் பாலிசி விதிப்படி தீர்க்கப்பட்டது' என்ற தயார்நிலைப் பதில் வந்தால், கேட்ட கேள்விக்குக் கம்பெனி பதில் சொல்லவில்லை என்பது அந்த வாக்கியத்தால்தான் பதிவாகும். சர்வேயரின் கணக்கே இறுதி என்று எழுதினால் அதுவும் சரியல்ல. சர்வே அறிக்கை முக்கியமான ஆதாரம், ஆனால் அதுவே கடைசி வார்த்தை அல்ல என்று நியூ இந்தியா அஷூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

காலக்கெடுகளையும் கம்பெனி மீறியிருக்கிறதா என்று பாருங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 முதன்மைச் சுற்றறிக்கைகளின்படி, கிளைம் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அதிலிருந்து 7 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். மீறியிருந்தால் இரண்டாம் பத்தியில் தேதிகளோடு ஒரு வரி சேருங்கள். மீறவில்லையென்றால் இதைப் பேச வேண்டாம்.

அனுப்புவதும் கையெழுத்துப் போடுவதும்

கம்பெனியின் இணையதளத்தில் குறைதீர்ப்பு அலுவலரின் மின்னஞ்சல் இருக்கும், பாலிசியின் கடைசிப் பக்கங்களிலும் இருக்கும். இணைப்புகளை எண் வரிசைப்படி ஒரே பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். பன்னிரண்டு தனித்தனி ஜேபெக் படங்களை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதே நாளில் அச்சுப் பிரதியை, சேர்ந்ததற்கான ஆதாரம் கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மூலக் காகிதம் எதையும் அனுப்பாதீர்கள். வந்த புகார் எண்ணைப் பிரதியின் மேல் எழுதி வைத்துவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியை எடுக்கும்போது 'முழுத் திருப்தியுடன் இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சிட்ட வவுச்சரை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாமல் வண்டி வெளியே வராது. அப்படிக் கையெழுத்திட்டதாலேயே பாலிசிதாரரின் உரிமை பறிபோகாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2015-இல் கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'எதிர்ப்புடன், மீதித் தொகை கோரும் உரிமைக்கு உட்பட்டு' என்று கையால் எழுதுங்கள். எழுத விடவில்லையென்றால் அன்றைக்கே, வீட்டுக்கு வந்தவுடன், கம்பெனிக்கு அதையே மின்னஞ்சலாக அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்பினால், யோசித்து மாற்றிக்கொண்டது போலத் தெரியும்.

பதில் வராவிட்டால்

புகாரை 14 நாளுக்குள் கம்பெனி தீர்க்க வேண்டும். அதற்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஆணையம் உங்கள் வழக்கில் தீர்ப்பு எழுதாது, கம்பெனியைப் பதில் சொல்ல வைக்கும். மேலே சொன்ன மாதிரி எளிய கணக்குப் பிழைகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்துக்குள் தீர்ந்துவிடக்கூடியவை. கதவு போன்ற கருத்து வேறுபாடுதான் அடுத்த படிக்குப் போகும்.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக, கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், அல்லது கம்பெனியின் மறுப்போ திருப்தியற்ற பதிலோ வந்திருக்க வேண்டும். அங்கிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞருக்கு அனுமதியும் இல்லை, 50 லட்சம் வரையிலான கோரிக்கையை எடுப்பார்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. ஆன்லைனிலும் மனு போடலாம். விசாரணையில் உங்களிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் கடிதத்தின் மூன்றாம் பத்தியில் இருப்பதுதான். அவருடைய தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். ஒரே விவகாரம் நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ நடந்துகொண்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள், ஆகவே எதை முதலில் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 14,650 ரூபாய் போன்ற தொகைக்குக் குறைதீர்ப்பாளரே பொருத்தம்.

முழு மறுப்பு, பெரிய தொகை, சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடும் வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கின் மதிப்பு நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான் பார்க்கப்படும், கிளைம் தொகையை வைத்து அல்ல. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதனால் கார் பாலிசி வழக்கு அநேகமாக எல்லாமே கட்டணமின்றி மாவட்ட அளவில் முடியும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும், தாக்கல் செய்யலாம். கெடு 2 ஆண்டு. கம்பெனி மறுத்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்கிவிடும். நடுவில் நினைவூட்டல் கடிதங்கள் எத்தனை எழுதினாலும் அந்தக் கெடு நீளாது.